கிண்டியிலிருந்து சென்ற எஞ்சினீயர்

வருஷந்தோறும் பரீக்ஷை முடிவுகள் வெளியானதும் நம் நாட்டுப் பெற்றோர்களைப் பிடிக்கும் ஜுரம் இன்னதென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் அந்த ஜுரத்துக்கு வேறு வேறு பெயர்கள் இருந்தன. இப்பொழுது அதற்குச் 'செயற்கை நுண்ணறிவு' என்று பெயர். அப்பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கும் காலேஜில் ஓரிடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டான் என்றும், கிடைக்காமல் சிவில் எஞ்சினீயரிங் போன்ற பழைய வகுப்பில் சேர நேர்ந்தால் அவன் காலம் முடிந்தது என்றும் ஒரு நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் இந்தப் பெயருக்கு விலை கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. இந்நிலையில், அந்த சாஸ்திரத்தை வளர்த்த முதல்வர்களுள் ஒருவர் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு மனிதர் எந்த வழியாக அதற்குள் பிரவேசித்தார் என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம். அவர் சென்னையில், கிண்டி எஞ்சினீயரிங் காலேஜில், பாலமும் அணையும் கட்டும் வித்தை கற்றவர்.

ராஜ் ரெட்டி என்று உலகத்தார் அழைக்கும் ஸ்ரீ தப்பால ராஜகோபால ரெட்டி 1937-ஆம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி, அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில், காட்டூர் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை விவசாயி. அந்தக் குடும்பத்தில் காலேஜின் வாசற்படி ஏறிய முதல் ஆள் இவரே. இவருக்குப் பதினாறு வயது நடக்கும்போது, 1953-இல், ஆந்திர ராஜ்யம் பிரிந்து சித்தூர் ஜில்லா அதனுடன் சேர்ந்தது. எல்லைக்காக இரு தரப்பாரும் எவ்வளவு கோபதாபத்துடன் வாதாடினார்கள் என்பதை நம் தலைமுறைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் தெலுங்கு தேசத்துப் பிள்ளைக்குக் கிண்டியின் கதவு அடைபட்டுவிடவில்லை. 1958-இல் சென்னை சர்வகலாசாலையின் பட்டம் பெற்று, அவர் சிவில் எஞ்சினீயராக அக்காலேஜிலிருந்து வெளியே வந்தார்.

கிண்டிக் காலேஜைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1794-இல் கோட்டையில் எட்டுப் பையன்களைக் கொண்டு, நிலத்தை அளக்கும் ஸர்வே பள்ளிக்கூடமாக அது தொடங்கிற்று. கம்பெனியார் தங்களுடைய நிலவரிக்கும் பாதைகளுக்கும் ஆட்கள் வேண்டியே அதை ஏற்படுத்தினார்கள். நம்மீது கொண்ட பரிவினால் அல்ல. 1920-இல் அது கிண்டிக்குக் குடிபுகுந்தது. கம்பெனியின் காரியத்துக்காக உண்டான ஸ்தாபனம், சுயராஜ்யம் வந்தபின் தேசத்தின் காரியத்துக்குப் பயன்பட்டது. 1950-க்குப் பிந்திய அந்த வருஷங்களில் வைகையிலும் சாத்தனூரிலும் அணைகள் எழுந்துகொண்டிருந்தன. கிருஷ்ணா நதியின் குறுக்கே நாகார்ஜுனசாகரத்துக்கு 1955-இல் அஸ்திவாரக்கல் நாட்டியாயிற்று. ஒரு சிவில் எஞ்சினீயருக்கு அன்று வேலைக்குப் பஞ்சமில்லை. பொதுமராமத்து இலாகாவில் சேர்ந்து, ஜீப்பில் ஏறி, ஐம்பத்தைந்து வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கௌரவமான வாழ்வு கண்ணெதிரே இருந்தது. அவ்வழியே சென்றவர்களை நாம் குறைவாக மதிப்பவர்கள் அல்ல. அவர்கள் கட்டிய மதகுகளின் நீரைத்தான் நம் வயல்கள் இன்றும் குடிக்கின்றன.

அந்தக் காலேஜில் அவர் கற்றது என்ன? நிலத்தை அளப்பது, பாரம் தாங்கும் பொருள்களின் பலத்தைக் கணக்கிடுவது, நீரின் ஓட்டத்தை அளவுக்குள் கொண்டுவருவது, இவைகளுக்கெல்லாம் அடிப்படையான கணிதம். செயற்கை நுண்ணறிவு என்னும் சொல்லே அமெரிக்காவில் 1955-ஆம் வருஷத்து விண்ணப்பம் ஒன்றில்தான் முதன் முதலில் எழுதப்பட்டது. ஆகவே கிண்டியில் அதைக் கற்பிக்கவில்லையே என்று குறை கூறுவது அறியாமை. குறை வேறொன்று. கணினி என்று இன்று நாம் சொல்லும் கணிப்பு யந்திரம் அப்பொழுது இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களிலேயே இருந்தது. கல்கத்தாவில் ஸ்ரீ மகலனோபிஸ் நடத்திய புள்ளிவிவர ஸ்தாபனம் சீமையிலிருந்து ஒரு யந்திரத்தை வரவழைத்திருந்தது. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கணக்கைப் போடும் மாணாக்கன் சிலைடு ரூலையும் லாகரிதம் அட்டவணையையுமே நம்பியிருந்தான். ஸ்ரீ ரெட்டி யந்திரத்தைச் சந்திக்கக் கடல் கடந்து செல்ல வேண்டியதாயிற்று.

சென்ற இடம் ஆஸ்திரேலியா. வெள்ளையரல்லாதார் குடியேறலாகாது என்னும் கொள்கையை அந்நாடு அன்னும் கைவிடவில்லை; மாணாக்கராக வருவோரை மட்டும் அனுமதித்தது. சிட்னி நகரத்து நியூ சௌத் வேல்ஸ் சர்வகலாசாலை 1949-இல் ஏற்பட்ட புதுச் சர்வகலாசாலை. பழம்பெருமை பேசுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 1956-இலேயே அது 'டியூஸ்' என்னும் ஆங்கில யந்திரத்தை வாங்கி நிறுவிவிட்டது. ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதை வகுத்த திட்டத்தின் வழிவந்த யந்திரம் அது. அதன் ஞாபகம் இருந்த இடம் எது என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். பாதரசம் நிரப்பிய குழாய்களின் ஒரு முனையில் நுண்ணிய ஒலித்துடிப்பை எழுப்பினால் அது மறுமுனைக்குப் போய்ச் சேரும். சேர்ந்ததும் அதை மீண்டும் முதல் முனைக்கு அனுப்புவார்கள். இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒலியே அதன் நினைவு. அதில் அடங்கக்கூடியவை மொத்தம் 402 எண்கள். இன்று சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோனுடன் ஒப்பிட்டால் அது குழந்தை விளையாட்டு. ஆயினும், கையால் போட்டால் வாரக்கணக்காகும் சமன்பாடுகளை அது சில நிமிஷங்களில் விடுவித்துக் கொடுத்தது. கட்டிடங்களின் பாரத்தைக் கணக்கிடும் எஞ்சினீயருக்கு அதைவிட வேறு என்ன வசியம் வேண்டும்? பின்னாளில் யந்திரங்களுக்குக் காது கொடுக்கப் போகிறவர் முதலில் பழகியது ஒலியால் நினைவு வைக்கும் யந்திரத்தோடு என்பது நமக்கு ரஸமான சேர்க்கையாகப் படுகிறது.

1960-இல் அவர் அங்கே மேற்பட்டம் பெற்றார். உடனே ஐ.பி.எம். என்னும் பெரிய அமெரிக்கக் கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளையில் உத்தியோகம் கிடைத்தது. கணிப்பு யந்திரத்தை விஞ்ஞானிகளும் எஞ்சினீயர்களும் தங்கள் வேலைக்குப் பயன்படுத்த உதவுவது அவருடைய கடமை. மூன்று வருஷங்கள் அதைச் செய்தார். இந்த மூன்று வருஷங்களை வீணென்று எண்ணிவிடக் கூடாது. கணிதத்தை யந்திரத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது, பிறருடைய சிக்கலைக் கேட்டு அதை வகைப்படுத்துவது ஆகிய இரண்டும் கைக்கு வந்தது இங்கேதான் என்று நாம் ஊகிக்கிறோம்.

1963-இல் அவருக்கு வயது இருபத்தாறு. நல்ல சம்பளம், பெரிய கம்பெனி, வளரும் தொழில். நம் குடும்பங்களில் இந்த நிலையில் உள்ள பிள்ளைக்குப் பெண் பார்க்கத் தொடங்குவார்கள். மறுபடியும் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னால் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சனி எங்கே இருக்கிறான் என்று தேடுவார்கள். ஸ்ரீ ரெட்டி உத்தியோகத்தை விட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மாணாக்கராகச் சேர்ந்தார். முழு வரலாற்றிலும் நம் வாலிபர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுவென்பது நம்முடைய அபிப்பிராயம். கிண்டிக்கு அவரைக் கொண்டுபோனதில் தந்தையின் பங்கும் உண்டு. சிட்னியில் யந்திரம் கிடைத்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. இந்த அடி அவர் தாமே எடுத்து வைத்தது.

ஸ்டான்போர்டில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் புரொபஸர் ஜான் மக்கார்த்தி. மேலே நாம் குறிப்பிட்ட 1955-ஆம் வருஷத்து விண்ணப்பத்தில் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. மனிதன் செய்தால் அறிவென்று நாம் சொல்லும் காரியங்களை யந்திரத்தைக் கொண்டு செய்விப்பது எப்படி என்பதே அக்கூட்டத்தாரின் கேள்வி. சதுரங்கம் ஆடுவது, தேற்றங்களை நிரூபிப்பது, பொருளைக் கண்ணால் கண்டு கையால் எடுப்பது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ரீ ரெட்டி பிடித்தது பேச்சு. மனிதன் பேசுவதை யந்திரம் கேட்டு இன்ன வார்த்தையென்று அறிய வேண்டும்.

இதிலே கஷ்டம் எங்கேயிருக்கிறது என்று கேட்கலாம். மூன்று வயதுக் குழந்தை செய்கிற காரியமல்லவா? அதுதான் ஏமாற்று. எழுத்தில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. 'அவன் எங்கே போனான்' என்பது வாயிலிருந்து 'அவனெங்கபோனான்' என்று ஒரே ஓட்டமாக வருகிறது. எங்கே வெட்டுவது என்று காற்றில் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. மழைக்கும் மலைக்கும், வாளுக்கும் வாலுக்கும் உள்ள வேற்றுமையை நம்மில் பலரே உச்சரிப்பதில்லை. கேட்பவர் இடம் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அதே வார்த்தையை ஆண் சொன்னால் ஒரு விதம், பெண் சொன்னால் ஒரு விதம், சளி பிடித்தவன் சொன்னால் மற்றொரு விதம். யந்திரத்துக்குக் கிடைப்பதோ வினாடிக்கு ஆயிரக்கணக்கான எண்கள் மட்டுமே. காற்றின் அழுத்தம் ஏறியிறங்குவதை அளந்த கணக்கு அது. அந்த எண்களின் நடுவே 'மழை' என்னும் வார்த்தையைத் தேட வேண்டும்.

அதற்கு முன்னும் சிலர் முயன்றிருந்தார்கள். 1952-இல் பெல் ஆராய்ச்சிச்சாலையார் செய்த யந்திரம் ஒருவர் குரலில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களை அறிந்தது. ஸ்ரீ ரெட்டி வேலை பார்த்த ஐ.பி.எம். கம்பெனியார் 1962-இல் காட்சிக்கு வைத்த யந்திரம் பதினாறு வார்த்தைகளை அறிந்தது. தனித்தனி வார்த்தையை நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் அவைகளுக்குப் புரியும். ஸ்ரீ ரெட்டி ஒலியின் அலையையே நேராகப் பகுத்து ஆராயும் வழியைக் கைக்கொண்டு, 1966-இல் அதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வருஷமே அங்கே உபாத்தியாயராகவும் அமர்ந்தார். 1969-ஆம் வருஷத்துப் படம் ஒன்று இருக்கிறது. மனிதன் வாயால் கட்டளையிடுகிறான்; யந்திரம் காமிராக் கண்ணால் மேஜையைப் பார்த்து, இயந்திரக் கையை நீட்டி, சொன்ன கட்டையை எடுத்து வைக்கிறது. கண், காது, கை மூன்றும் ஒரே யந்திரத்தில் கூடிய ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

அதே 1969-இல் இடி விழுந்தது. பெல் ஆராய்ச்சிச்சாலையின் தலைவர்களில் ஒருவரான ஜான் பியர்ஸ் ஒலிசாஸ்திரப் பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார். பேச்சறியும் யந்திரம் செய்கிறேன் என்று கிளம்புவது நீரைப் பெட்ரோலாக்குகிறேன், கடலிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்று சொல்வதற்கு ஒப்பானது என்பது அவர் கருத்து. அவர் சாமான்ய மனிதரல்லர். டிரான்ஸிஸ்டருக்குப் பெயரிட்டவர், செய்திக் கோள்களுக்கு வழி காட்டியவர். தொழிலின் ஆரம்பத்தில் இருக்கும் முப்பத்திரண்டு வயது எஞ்சினீயருக்கு, தாம் பிடித்த துறையையே பெரியவர் ஒருவர் ஊரறியப் பரிகசித்தால் எப்படியிருக்கும்? இன்று இந்த சாஸ்திரத்தின் பெயரைச் சொன்னாலே பணம் கொட்டுகிறது என்று அதன்பால் ஓடுகிறவர்கள், இதே சாஸ்திரத்தின் பெயரைச் சொன்னால் சிரித்த காலம் ஒன்று இருந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீ ரெட்டி துறையை மாற்றிக்கொள்ளவில்லை, ஊரை மாற்றினார். அவ்வருஷமே பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் சர்வகலாசாலைக்குச் சென்றார். ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் என்னும் இரண்டு பேரறிஞர்கள் அங்கே இருந்தார்கள். அங்கே அவரும் சகாக்களும் செய்த 'ஹியர்ஸே' என்னும் யந்திர ஏற்பாட்டில்தான் அவருடைய வழி தெளிவாக விளங்குகிறது. அதனிடம் வாயால் சதுரங்கம் ஆடலாம். மனிதன் குதிரையை இன்ன கட்டத்துக்கு நகர்த்து என்கிறான். ஒலி அரைகுறையாக விழுகிறது. யந்திரம் என்ன செய்கிறது? இந்த நிலையில் பலகையில் சட்டப்படி நகர்த்தக்கூடியவை எவை என்று பார்க்கிறது. அவைகளுள் காதில் விழுந்ததற்கு ஒத்தது எதுவோ அதை எடுத்துக்கொள்கிறது. ஒலியறிவு ஒரு சாட்சி, இலக்கணம் ஒரு சாட்சி, ஆட்டத்தின் அறிவு ஒரு சாட்சி. எந்தச் சாட்சியையும் முழுதும் நம்புவதில்லை. எல்லாவற்றையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. சந்தைக் கூச்சலில் நாம் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொள்வதும் இப்படித்தானே?

இதில் கிண்டியின் சாயலை நாம் காண்கிறோம். இது நம்முடைய யூகமே. வாசகர்கள் ஏற்கலாம், தள்ளலாம். கணித சாஸ்திரி பூரண நிரூபணம் கிடைக்கும் வரையில் காத்திருப்பார். சிவில் எஞ்சினீயருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பூமிக்குள் பாறை எங்கே, மணல் எங்கே என்று முழுவதும் தெரியாமலேயே அவர் அஸ்திவாரம் போட வேண்டும்; தெரியாததற்கு ஈடாகக் கொஞ்சம் பலத்தை அதிகமாக வைத்து, பாலத்தை நிற்கச் செய்ய வேண்டும். குறையுள்ள அறிவைக் கொண்டு நிற்கக்கூடிய பொருளைக் கட்டும் மனப்பான்மை அது. காதில் சரியாக விழாததைக் கொண்டு சரியான பொருளைக் காணும் யந்திரத்துக்கு அதுவே வேண்டியிருந்தது.

1971-இல் அமெரிக்க யுத்த இலாகாவின் ஆராய்ச்சிப் பகுதி ஐந்து வருஷத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஆயிரம் வார்த்தைகள் கொண்ட, நிறுத்தாமல் பேசும் பேச்சை யந்திரம் அறிய வேண்டும் என்பது அதன் குறி. 1976-இல் ஸ்ரீ ரெட்டியின் கூட்டத்தில் மாணாக்கர் புரூஸ் லொவெர் செய்த 'ஹார்ப்பி' 1,011 வார்த்தைகளுடன் அந்தக் குறியை எட்டிற்று. கடலிலிருந்து தங்கம் எடுத்தாய்விட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு குன்றிமணி அகப்பட்டது. மற்றொரு மாணாக்கரான ஜேம்ஸ் பேக்கர் நிகழ்தகவுக் கணிதத்தைப் பேச்சுக்குப் பொருத்தினார். இன்னொரு மாணாக்கரான கை-பூ லீ 1988-இல், யார் பேசினாலும் அறியும் 'ஸ்பிங்க்ஸ்' என்னும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார். அதன் பிறகு அவர் பெற்ற பதவிகளையும் விருதுகளையும் அடுக்கினால் இடம் போதாது. 1994-இல் எட்வர்டு பைகன்பாமுடன் சேர்ந்து, இத்துறையின் உச்சப் பரிசாகிய டூரிங் விருதை அடைந்தார். ஆசியாவில் பிறந்தவர்களுள் அதை முதலில் பெற்றவர் அவரே. டூரிங் வழிவந்த சிட்னி யந்திரத்தோடு பழகியவருக்கு டூரிங் பெயரால் பரிசு.

இனி நம் கதைக்கு வருவோம். இவ்வளவு பெருமையையும் நம்முடையதென்று மார்தட்டிக்கொள்வது சுலபம். பத்திரிகைகள் வழக்கமாகச் செய்வதும் அதுவே. நமக்கு அதில் பாதி சந்தோஷமும் பாதி வெட்கமும் உண்டாகின்றன. நல்ல அஸ்திவாரத்தை நாம் கொடுத்தோம். அதன்மேல் கட்டிடத்தை அன்னியர் எழுப்பிக்கொண்டார்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் யந்திரத்துக்குக் கற்பித்த பேச்சு ஆங்கிலம். அது அவர் குற்றமன்று. பணம் கொடுத்தது அமெரிக்க யுத்த இலாகா. அது கேட்ட பாஷையை யந்திரம் கற்றது. தமிழும் தெலுங்கும் பேசும் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அந்தக் காது கிடைக்க மேலும் பல வருஷங்கள் ஆயின. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கன்றோ பேச்சைக் கேட்கும் யந்திரம் முதலில் வேண்டும்? 2022-இல் இந்திய சர்க்கார் 'பாஷிணி' என்னும் திட்டத்தைத் தொடங்கி நம் பாஷைகளுக்காக இவ்வேலையில் இறங்கியிருக்கிறார்கள். கிண்டிக் காலேஜிலிருந்து சாலையைக் கடந்தால் வரும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்திய பாஷைகளின் பேச்சைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகிறது. தாமதமானாலும் நல்ல காரியம்.

ஸ்ரீ ரெட்டியும் தாம் வந்த வழியை மறந்துவிடவில்லை. 2008-இல் ஆந்திர ராஜ்யத்தில், கிராமத்துப் பிள்ளைகளையும் பெண்களையும் பத்தாவது வகுப்பு முடிந்ததுமே சேர்த்து விடுதியில் வைத்துக் கற்பிக்கும் ராஜீவ் காந்தி விஞ்ஞான தொழில்நுட்பச் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பட்டணத்துக்கு வந்து தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது.

நம் சர்க்காரையும் காலேஜ் நிர்வாகிகளையும் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரில் மேலும் நூறு வகுப்புகளைத் திறக்கும்படி நாம் கேட்கவில்லை. பெயர்கள் போதுமான அளவு இருக்கின்றன. சிவில் வகுப்பில் படிப்பவனும், இயந்திரவியல் படிப்பவளும், பாலிடெக்னிக்கில் இருப்பவனும் நல்ல கணிதம் கற்பதற்குத் தகுந்த உபாத்தியாயர்கள் வேண்டும். இவர்களெல்லாம் தடையின்றி உட்கார்ந்து பழக வலிமையுள்ள யந்திரங்கள் ஒவ்வொரு ஜில்லாவிலும் வேண்டும். சிட்னியில் ஒரு சிவில் எஞ்சினீயருக்குத் திறந்திருந்த அறை, நம் ஜில்லாக் காலேஜ்களில் வேறு வகுப்பு மாணாக்கருக்குத் திறந்திருக்கிறதா, மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, விடுமுறை நாட்களில் சாவி யாரிடம் இருக்கிறது என்று நம் அங்கத்தினர்கள் அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் கேள்வி கேட்கட்டும்.